முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள்

“கேம் விளையாடும்போது மட்டும் பட்டுனு ஆஃப் ஆகிடுது சார். மத்தபடி நாள் முழுக்க ஓடுது.”

“காலையில சுவிட்ச் போட்டா வர்றதே இல்லண்ணே. நாலஞ்சு தடவை அமுக்கினாதான் வருது. ஒரு தடவை வந்துட்டா ராத்திரி வரைக்கும் பிரச்சினை இல்ல.”

“யு.பி.எஸ். இருக்கு, பேட்டரி கூட புதுசு. ஆனாலும் கரண்ட் போனா கம்ப்யூட்டரும் சேர்ந்து போயிடுது.”

கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார்கள் இவை. கேட்பதற்கு மூன்றும் தனித்தனி நோய்கள். முதலாமவருக்குப் பெரும்பாலும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுப்பார்கள். இரண்டாமவரின் கணினியில் ராமைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டுவார்கள். மூன்றாமவரை வேறு யு.பி.எஸ். வாங்கச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் மூவரும் அதே புகாரோடு திரும்பி வந்து நிற்பார்கள். மூன்றுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கக்கூடும். கேபினட்டின் மேல்மூலையிலோ அடிமூலையிலோ ஒரு விசிறியோடு உட்கார்ந்து கணினிக்கு மின்சாரம் தரும் தகரப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்.

மற்ற உறுப்புகள் கெட்டால் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிடும். ராம் போனால் பீப் ஒலி வரும். ஹார்டு டிஸ்க் போனால் கோப்புகள் திறக்க மறுக்கும். பிராசஸர் சூடேறினால் திரையில் எண் காட்டும். எஸ்.எம்.பி.எஸ். தடுமாறினால் எந்தத் தனி அறிகுறியும் கிடையாது. அதனிடம் மின்சாரம் வாங்குகிறவைதான் தடுமாறும், சந்தேகமும் அவற்றின் மேல்தான் விழும். அதனால்தான் பல வீடுகளில் நல்ல ராமும் நல்ல மதர்போர்டும் பழுதென்று ஒதுக்கப்படுகின்றன. இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றைத்தான்: கணினி எப்போது அணைகிறது என்பதைக் கவனித்து எழுதி வையுங்கள். பாதி நோயறிதல் அந்தக் குறிப்பிலேயே முடிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினிக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம். பழைய முறையில் இதற்குப் பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கனமும் அதிகம், சூடும் அதிகம். எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் போகிறது. வந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கிக்கொள்கிறது. அப்போது அதன் அளவு குறைவதில்லை, சுமார் 325 வோல்ட்டாக ஏறுகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியே அனுப்பி, கடைசியில் கெப்பாசிட்டர்களால் அலைகளைச் சமன்செய்து வெளியே தருகிறது. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாகிறது. 1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் இந்த வகையில்தான் மின்வழங்கியை வடிவமைத்தார். 1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யில் வைத்தது 63.5 வாட் பெட்டி. இன்று ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் கேட்கிறது.

வீடுகளில் உள்ள பெரும்பாலான டெஸ்க்டாப்புகள் 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற தரத்தைப் பின்பற்றுகின்றன. அந்தத் தரத்தின்படி மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, கறுப்பில் கிரவுண்டு. ஊதா ஒயரில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும். கணினி அணைந்திருந்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை அது உயிரோடிருக்கும். பவர் பட்டனை அமுக்கியதும் மதர்போர்டு விழித்துக்கொள்வது இந்த ஸ்டேண்ட்பை மின்சாரத்தால்தான். சாம்பல் ஒயருக்கு முக்கியமான வேறு வேலை. எல்லா அளவுகளும் சரியாகிவிட்டன என்று எஸ்.எம்.பி.எஸ். உறுதிசெய்துகொண்டு, 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் அதன் வழியே ஒரு சமிக்ஞை அனுப்பும். அது வரும்வரை பிராசஸர் வேலையைத் தொடங்காது. விசிறிகள் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் எதுவுமே வரவில்லை என்ற புகாருக்குச் சில நேரம் இந்தச் சமிக்ஞை வராததே காரணம்.

இந்தப் பெட்டியில் முதலில் மூப்படைவது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். கடைக்காரர்கள் ‘கண்டன்சர்’ என்பார்கள். உள்ளே திரவம் ஊறிய தாள் சுருட்டப்பட்டிருக்கும். சூட்டில் அந்தத் திரவம் மெல்ல வற்றும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. சித்திரை வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் அறைக்குள்ளேயே அனல் அடிக்கும். அந்த அறையில், மரமேசையின் கதவுபோட்ட அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பின்பக்கம் சுவரோடு ஒட்டியும் விட்டால், எஸ்.எம்.பி.எஸ். தான் வெளியேற்றிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொள்ளும். கணினி மேசைகளில் அந்தக் கதவுகள் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தரமற்ற கெப்பாசிட்டர் எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் கவிழ்க்கும். 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளிலும் எஸ்.எம்.பி.எஸ்.களிலும் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகள் பெருமளவில் பாதிக்கப்பட்டன. பழுதுநீக்கவும் மாற்றிக் கொடுக்கவும் 2005-ல் அந்த நிறுவனம் 30 கோடி டாலரைச் செலவுக்கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. டெல் விஷயத்தில் கெட்டது மதர்போர்டில் இருந்த கெப்பாசிட்டர்கள். பாடம் இரண்டுக்கும் பொதுதான்.

நேரம் சொல்லும் நோய்

இனி அந்த மூன்று புகார்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

விளையாடும்போது மட்டும் அணைவது சுமையின் அடையாளம். கடிதம் தட்டும்போதும் படம் பார்க்கும்போதும் கணினி கேட்கும் மின்சாரம் சொற்பம், நலிந்த எஸ்.எம்.பி.எஸ்.கூட அதைக் கொடுத்துவிடும். விளையாட்டு தொடங்கியதும் கிராபிக்ஸ் கார்டு 12 வோல்ட் தடத்திலிருந்து பெருமளவு இழுக்கும். அப்போது அளவு சரிந்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும், அல்லது எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள முழுதாக அணைந்துவிடும். இதே அறிகுறி பிராசஸர் சூடானாலும் வரும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சூட்டினால் அணைவதற்கு நேரம் பிடிக்கும். விளையாட்டு ஓடி, வெப்ப எண் மெல்ல ஏறி, உச்சத்தில் அணையும். மின்சாரக் குறைவு அப்படிக் காத்திருக்காது. காட்சி மாறி சுமை சட்டென்று எகிறும் கணத்தில், வெப்பம் 60 டிகிரியில் இருக்கும்போதே அணைந்துவிடும். புதிய கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தின் ஒரு சிறு பகுதிக்குள் தம் வழக்கமான அளவைப்போல இருமடங்கு வரை இழுத்துவிடுகின்றன. அதனால்தான் 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், எஸ்.எம்.பி.எஸ். தன் அளவின் 200 சதவீதத்தை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்டது. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு புதிய கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை வருவது இயல்பு. அங்கே பெட்டி கெட்டுப்போயிருக்காது. அதன் தெம்பு போதவில்லை, அவ்வளவுதான்.

காலையில் வர மறுத்து, பலமுறை அமுக்கியபின் வருவது குளிர்ந்த கெப்பாசிட்டரின் குணம். திரவம் வற்றிய கெப்பாசிட்டருக்கு உள்தடை கூடிவிடும், குளிரில் இன்னும் கூடும். ஒவ்வொரு முறை முயலும்போதும் கொஞ்சம் மின்சாரம் பாய்ந்து அது இளஞ்சூடாகும், தடை குறையும், ஐந்தாம் முறை கணினி எழுந்துவிடும். பெரும்பாலும் ஸ்டேண்ட்பை மின்சாரத்தைச் சமன்செய்யும் சிறிய கெப்பாசிட்டர்தான் இதற்குக் காரணம். இரவும் பகலும் ஓய்வின்றி உழைப்பது அது. மார்கழியில் இந்தப் புகார் கூடினால், வெயில் வந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் ஐந்து முறை பத்தாகும், பிறகு எழாமலே போகும்.

மூன்றாவது புகாரில்தான் வீட்டார் பணத்தை அதிகம் இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கரண்ட் போகும் கணத்தில் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறக் கொஞ்சம் நேரம் எடுக்கும், வீட்டு யு.பி.எஸ்.களில் பொதுவாக 10 மில்லி விநாடிக்குள். அந்த இடைவெளியில் கணினியைத் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர். மோட்டார் நின்றபின்னும் குழாயில் தண்ணீர் வரச்செய்யும் மொட்டைமாடித் தொட்டியின் வேலை அதற்கு. சுமார் 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். வழிகாட்டி. அந்தக் கெப்பாசிட்டர் வயதாகி அதன் கொள்ளளவு குறைந்தால், தாங்கும் நேரம் எட்டாகும், ஐந்தாகும். யு.பி.எஸ். தன் வேலையைச் சரியாகவே செய்யும், ஆனால் அதற்குள் கணினி விழுந்துவிட்டிருக்கும். ஆகவே பேட்டரியை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். யு.பி.எஸ்.ஸில் கணினிக்குப் பதிலாக ஒரு மேசைவிளக்கைச் சொருகி, சுவர் சுவிட்சை அணையுங்கள். விளக்கு சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து எரிந்தால் யு.பி.எஸ். உங்கள் பணத்தைக் கேட்கவில்லை. இதோடு சுமையின் கணக்கையும் பாருங்கள். 600 வி.ஏ. என்று எழுதிய யு.பி.எஸ். தருவது பெரும்பாலும் 360 வாட்தான். கேமிங் கணினியை அதில் மாட்டினால் கரண்ட் போகும்போது யு.பி.எஸ்.ஸே டிரிப் ஆகும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 என்ற வரியைத் தேடலாம். கணினி முறையாக மூடப்படாமல் அணைந்தது என்பதே அதன் பொருள். அதற்குள் பக்-செக் எண் பூஜ்யம் என்றிருந்தால், நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.தான் குற்றவாளி என்று அந்த வரி தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் நாளும் மணியும் துல்லியமாக அதில் இருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மிக்ஸி ஓடியதா, மோட்டார் போட்டார்களா என்று ஒரு தாளில் ஒப்பிட்டு எழுதினால் பிடி கிடைத்துவிடும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

கேபினட்டைத் திறக்கும் முன் சுவரைப் பாருங்கள். சொருகி ஆடுகிறதா, ஸ்பைக் பஸ்டரின் ஓட்டை தளர்ந்திருக்கிறதா, பவர் கேபிள் பின்பக்கம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, வேறொரு பிளக்பாயின்டில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களின் பின்புறம் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது நம் நாட்டில் 230-ல்தான் இருக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது யாராவது அதை 115-க்குத் தள்ளிவிட்டால் அடுத்த முறை சுவிட்ச் போடும்போது வெடிச்சத்தத்தோடு முடிந்துவிடும்.

கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறதா? அதற்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறைசொல்லும் முன் வீட்டின் எர்த்தைச் சோதியுங்கள். மின்னிரைச்சலைத் தடுக்க உள்ளே உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் மிகக் கொஞ்சம் மின்சாரத்தை உலோக உடலுக்குக் கசியவிடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் கேபினட் சுமார் பாதி வோல்டேஜில் மிதக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். மூன்றுமுனைச் சொருகியின் பெரிய முனையை ஒடித்துவிட்டுப் பயன்படுத்துவது, எர்த் ஒயரே இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது போன்றவற்றை இன்றே நிறுத்துங்கள். சுர்ரென்பதைத் தாண்டி ஓங்கி அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சோதிக்கும் முறை

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து, பிறகு கூடுதல் உறுப்புகளைக் கழற்றுங்கள்: தனி கிராபிக்ஸ் கார்டு, இரண்டாவது ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், பின்னால் தொங்கும் யு.எஸ்.பி. சாமான்கள். பிராசஸர், ஒரே ஒரு ராம், மதர்போர்டில் உள்ள டிஸ்ப்ளே ஆகியவற்றோடு மட்டும் கணினி எழுந்து நிலைத்தால், ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருப்பதாக எஸ்.எம்.பி.எஸ். நினைக்கிறது. அந்த ஷார்ட் அதற்குள்ளும் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம். உறுப்புகளைக் கழற்றிப் பார்ப்பது அதைப் பிரித்துக் காட்டும். இப்படி ஒருமுறை தன்னைப் பூட்டிக்கொண்ட பெட்டிக்குப் பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி எழும்.

அடுத்தது பலரும் அறிந்த பச்சை-கறுப்புச் சோதனை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, பிளக் சுவரில் இல்லாதபோது, 24 பின் கனெக்டரின் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, பிறகு கரண்ட் கொடுப்பது. எல்லா ஒயரும் கறுப்பாக வரும் புதிய பெட்டிகளில் பச்சைக்குரியது 16-வது பின்; அதன் இரு பக்கமும் கிரவுண்டுதான். விசிறி சுற்றினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. ‘விசிறி சுத்துது, எஸ்.எம்.பி.எஸ். நல்லாருக்கு’ என்று பல கடைகளில் தீர்ப்பளிப்பது இந்த இடத்தில்தான், பிழை நுழைவதும் இங்கேதான். சுமையே இல்லாமல் நின்று காட்டுவது பெரிய காரியமல்ல. சில தரமான பெட்டிகளில் சுமை குறைவாக இருந்தால் விசிறி சுற்றவே சுற்றாது. அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு.

ஆகவே மல்டிமீட்டரை எடுங்கள். நேர்மின்சாரத்தில் 20 வோல்ட் அளவில் வையுங்கள். கணினி ஓடும்போது சும்மா தொங்கும் நான்குமுனை மோலெக்ஸ் கனெக்டர் இருந்தால் வசதி: கறுப்பு முனையைக் கறுப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்தால் 12 வோல்ட், சிவப்பு ஒயரில் வைத்தால் 5 வோல்ட். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பிடியுங்கள். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் ஐந்து சதவீதம். 12 வோல்ட் என்றால் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் என்றால் 4.75 முதல் 5.25 வரை, 3.3 என்றால் 3.14 முதல் 3.47 வரை. கணினி சும்மா இருக்கும்போது ஒருமுறை குறித்துக்கொண்டு, பிரைம்95 அல்லது ஃபர்மார்க் போன்ற மென்பொருளால் சுமையேற்றி மறுபடி பாருங்கள். 12.1 என்றிருந்தது 11.9 ஆனால் கவலையில்லை. சுமை ஏறஏற இறங்கிக்கொண்டே போய் 11.4-ஐத் தொட்டால் பெட்டியை மாற்றுங்கள். தீயும் வாடை வந்தால் அந்த நொடியே சோதனையை நிறுத்திவிடுங்கள்.

மல்டிமீட்டர் சரியான எண்ணைக் காட்டியும் கணினி அணைகிறதென்றால் குழம்ப வேண்டாம். அந்தக் கருவி காட்டுவது சராசரியை. நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கும் சிற்றலை அதன் கண்ணுக்குத் தெரியாது. 12 வோல்ட்டில் அந்த அலை 120 மில்லிவோல்ட்டுக்குள்ளும், 5 வோல்ட்டிலும் 3.3-லும் 50 மில்லிவோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். கெப்பாசிட்டர் வற்றினால் முதலில் கெடுவது இதுதான். இதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். வீட்டில் அது இருக்காது. அதனால்தான் எல்லாச் சோதனைக்கும் மேலான ஒன்று எஞ்சுகிறது: நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை, போதிய வாட் உள்ளதாகக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. நண்பரிடமோ கடையிலோ கேட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். நீங்கள் எழுதி வைத்த அந்த நேரங்களிலும் சூழல்களிலும் கணினி அணையவில்லையென்றால் விசாரணை முடிந்தது. கடன் பெட்டியிலும் அதே கதை தொடர்ந்தால் மட்டுமே மதர்போர்டின் பக்கம் போங்கள்.

பழுதென்று தெரிந்த பெட்டியை வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த 325 வோல்ட் பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். உயிரைக் குடிக்கப் போதுமானது அது. ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கண்டன்சர் மாற்றித் தரும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல பெட்டியென்றால் அவர்களிடம் கொடுப்பது சரிதான். மலிவுப் பெட்டிக்கு அந்தச் செலவு வீண்.

புதிது வாங்கும்போது

முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் அந்தத் தடத்தில்தான் வாழ்கின்றன. 450 வாட் என்று எழுதி, 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், உங்களுக்கு உண்மையில் உதவுவது 192 வாட்தான். கேபினட்டோடு இலவசம்போல வரும் பெட்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

80 பிளஸ் முத்திரை 2004-ல் தொடங்கிய திட்டம். எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகிறது என்பதை அது அளக்கிறது; பாதுகாப்புக்கு அது சான்றிதழ் அல்ல. கிகாபைட் நிறுவனத்தின் இரண்டு மாடல்கள், 80 பிளஸ் கோல்டு முத்திரை பெற்றவை, சோதனையாளர்கள் கூடுதல் சுமை ஏற்றியபோது வெடித்தன. 2021 ஆகஸ்டில் அந்த நிறுவனம் குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆகவே முத்திரையோடு வாரண்டி எத்தனை ஆண்டு என்பதையும், சுதந்திரமான சோதனைகளில் அந்த மாடல் எப்படித் தேறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாண்டுக்குக் குறைந்த வாரண்டி தரும் பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேபிள்கள் தனியாகக் கழலும் மாடுலர் வகையை வாங்கினால், பழைய பெட்டியின் கேபிள்களை ஒருபோதும் புதியதில் சொருகாதீர்கள். மதர்போர்டு பக்கத்து முனைக்குத்தான் தரம் உண்டு. பெட்டிப் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைக்கிறார்கள். கச்சிதமாகப் பொருந்திவிடும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும், ஹார்டு டிஸ்க் அந்த நொடியே எரியும்.

புதிய பெட்டி மாட்டியதும் விளையாட்டைத் திறக்காதீர்கள். நாட்கணக்கில் திடீர் திடீரென அணைந்த கணினியில் ஹார்டு டிஸ்க்கும் அடி வாங்கியிருக்கும். பிள்ளைகளின் புகைப்படங்கள், சான்றிதழ் நகல்கள், கணக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்துவிடுங்கள்.